நிலப் பயன்பாட்டு விதிகள் நல்ல குடியிருப்பை ஆக்குமா, கெடுக்குமா?

கேள்வி:
மயிலாப்பூர் மாட வீதியில் கீழே பாத்திரக்கடை, மேலே வீடு என்று வாழ்ந்து பழகியவன் நான். 2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டமோ நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில் என்று வகைபிரிக்கிறது. இது தெருவுக்கு நன்மைதானா?

மறுமொழி 1:
நன்மையே. எங்கள் சுவரை ஒட்டி லேத் பட்டறை வந்த பிறகு, மேசை மீதிருக்கும் தம்ளர்த் தண்ணீர் பகல் முழுவதும் நடுங்கியது. 1916-இல் நியூயார்க் கொண்டுவந்த விதிகளும், கட்டடம் உயர உயரத் தெருவிலிருந்து பின்தள்ளி அமைய வேண்டும் என்று சொல்லித் தெருவுக்கு வெளிச்சத்தைக் காத்தவைதாம்.

மறுமொழி 2:
பட்டறையைத் தடுப்பது வேறு, மளிகைக் கடையைத் தடுப்பது வேறு. 1926-இல் யூக்ளிட் என்ற அமெரிக்க ஊரின் வழக்கில் இவ்வகை விதிகளை ஏற்ற அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தனிவீட்டுப் பகுதிகளில் அடுக்குமாடிக் கட்டடம் ஒட்டுண்ணி போன்றது என்றே எழுதியது. ஏழைகளை ஒதுக்குவதற்கு அதைவிட வசதியான வாதம் வேண்டுமா? ஜப்பானிலோ மிகக் கண்டிப்பான குடியிருப்பு மண்டலத்திலும், 50 சதுர மீட்டருக்கு மேற்படாத சிறு கடையை, கட்டடத்தில் பாதிக்கு மேல் வீடாக இருந்தால், நடத்தலாம். தொல்லையின் அளவைத்தான் கட்டுப்படுத்துகிறார்கள், கடையும் வீடும் கலந்திருப்பதை அல்ல.

மறுமொழி 3:
விதியே வேண்டாம் என்போர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரைப் பார்க்கட்டும். அங்கே நிலத்தை வகைபிரிக்கும் மண்டலச் சட்டம் இல்லை. ஆனால் மனைப்பத்திரத்திலேயே எழுதிவைக்கும் பயன்பாட்டு நிபந்தனைகள் பல இடங்களில் அதே வேலையைச் செய்கின்றன.

கேட்டவர்:
அப்படியானால் எங்கள் பாத்திரக்கடை ஜப்பானில் பிழைத்துக்கொள்ளும், ஓசையைக் குறைத்தால்!