மிஞ்சின சாப்பாடு: ஆற வைப்பதில் நடக்கும் தப்புகள்

சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்

மண்டபத்து அடுப்படிகளில் அடிக்கடி நடக்கிற தப்பு ஒன்று. மதியப் பந்தி முடிந்ததும் மிச்ச சாம்பாரை அண்டாவோடு மூடி ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். நாலு மணி நேரம் கழித்து மேலே வெதுவெதுப்பாக இருக்கும், அடியில் கரண்டியை விட்டுக் கிளறினால் இன்னும் சூடு இருக்கும். கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. 60 டிகிரிக்கு மேலே அது பெருகாது, 5 டிகிரிக்குக் கீழே மந்தமாகிவிடும். இடைப்பட்ட சூட்டில் சாப்பாடு எவ்வளவு நேரம் கிடந்தது என்பதைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அமெரிக்க உணவு விதிகள் 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இறங்க 2 மணி நேரமும், அங்கிருந்து 5 டிகிரிக்குப் போக இன்னும் 4 மணி நேரமும் தருகின்றன. நம் ஊர் சித்திரை வெயிலில் வெளிக்காற்றே 35 டிகிரி. வெறுமனே திறந்து வைத்தால் 21 டிகிரி ஒருநாளும் வராது.

சோறு, பொங்கல், கூட்டு போன்ற கெட்டியான பண்டங்களை அகலமான தாம்பாளத்தில் 2 அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மெல்லிய துணி போட்டு, ஃபேன் காற்றில் வையுங்கள். உயரம் மூன்று மடங்கானால் நடுப்பகுதி ஆற ஏறக்குறைய ஒன்பது மடங்கு நேரம் பிடிக்கும். பிரியாணியை தம் போட்ட பாத்திரத்திலேயே விட்டு வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

5 லிட்டர் சாம்பார் என்றால், பாத்திரத்தை ஒரு பெரிய தொட்டியில் இறக்கி, வெளியே குழாய்த் தண்ணீரைச் சாம்பார் மட்டம் வரை ஊற்றி, அடிவரை கிளறிக்கொண்டே இருங்கள். தண்ணீர் சூடானதும் கொட்டிவிட்டு மாற்றுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றினால் 40 டிகிரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதன் பிறகு 2 கிலோ ஐஸ். முதலிலேயே ஐஸைப் போட்டால், குழாய்த் தண்ணீர் எடுத்திருக்க வேண்டிய சூட்டுக்கே அது கரைந்து தீர்ந்துவிடும். கடையில் வாங்கும் ஐஸ் வெளித்தொட்டிக்கு மட்டும், குழம்புக்குள் போட வேண்டாம்.

உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருப்பவர்

"எப்படியும் திரும்பக் கொதிக்க வைக்கத்தானே போகிறோம்" என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது போதாது. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் ஸ்போர்கள், அதாவது விதை போல உறங்கிக் கிடக்கும் வடிவங்கள், சோறு வேகும் சூட்டைத் தாங்கி நிற்கும். ஆறும்போது முளைத்துப் பெருகும். அது சோற்றில் விடும் வாந்தி நஞ்சு 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. தாளித்து எலுமிச்சை சாதம் ஆக்கினாலும் நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்டு 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கறிக்குழம்பில் வேறொன்று, குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். 45 டிகிரி சுமாரில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். ஆழமான அண்டாவின் அடியில் காற்றும் குறைவு, அதற்கு அது இன்னும் சௌகரியம்.

மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஊசின வாடையும் நூல் விடுவதும் வேறு கிருமிகளின் வேலை. நோய் தரும் கிருமி வாடையே இல்லாமல் இருக்கும்.

பழைய சோறு பற்றியும் கேள்வி வரும். சோறு முழுகத் தண்ணீர் ஊற்றும்போது சூடு சட்டென்று இறங்குகிறது, இரவில் லாக்டிக் அமிலக் கிருமிகள் புளிக்க வைத்து மற்றவற்றை அடக்குகின்றன. அருமையான முறை. ஆனால் காலையில் வடித்து, பகல் முழுக்கப் பானையில் கிடந்த சோற்றை இரவு பத்து மணிக்கு ஊற வைத்தால், அதற்குள் உருவான நஞ்சைப் புளிப்பு போக்காது. வடித்த சோறு ஆறியதும் ஊற வையுங்கள்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக்

சூடாக வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்று பயந்து ராத்திரி முழுக்க மேடையில் விட்டுவிடுகிறார்கள். கொதிக்கக் கொதிக்க வைக்காதீர்கள், அவ்வளவுதான். கை பொறுக்கும் சூட்டில் தாராளமாக வைக்கலாம். பெரிய தூக்குக்குப் பதில் சின்ன எவர்சில்வர் டப்பாக்கள் நல்லது, பிளாஸ்டிக்கை விடச் சீக்கிரம் சூட்டை விடும். குளிரும் வரை மூடியைச் சாய்த்து வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்று அடுக்க வேண்டாம், பால் பாக்கெட்டை ஒட்டியும் வேண்டாம்.

சிங்கிள் டோர் ஃபிரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழ்த் தட்டுதான் அதிகக் குளிர். கதவுத் தட்டு மோசம், அங்கே சமைத்தது எதுவும் கூடாது. டயல் எண்ணை நம்பாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத் தட்டில் இரவு வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் பாருங்கள். 5 டிகிரியைத் தாண்டினால் டயலைக் கூட்டுங்கள். அப்படியும் இறங்கவில்லையென்றால் கதவு ரப்பரைச் சோதியுங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் மாற்ற வேண்டியதுதான்.

மெஸ் நடத்துபவர்

ஹாட் பாக்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது சூட்டைப் பிடித்து வைக்கும், சூடு ஏற்றாது. காலையில் ஊற்றின சாம்பார் சாயங்காலம் வரை மெதுவாக இறங்கி, ஆபத்தான சூட்டிலேயே பல மணி நேரம் கிடக்கும். ரைஸ் குக்கரின் சூடு காக்கும் நிலை அப்படியல்ல, 60 டிகிரிக்கு மேல் நிற்கிற வரை பயமில்லை.

ஃபிரிட்ஜில் சோறு ஒரு நாள், சாம்பார், கூட்டு, கறி மூன்று நாள். தேங்காய் அரைத்துவிட்டது மறுநாளே தீர வேண்டும். மூடியில் டேப் ஒட்டித் தேதி எழுதுங்கள். தேவையானதை மட்டும் எடுத்து, நடுவிலும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள், 74 டிகிரி வர வேண்டும். சூடாக்கியதில் மிஞ்சினால் திரும்ப உள்ளே வைக்காதீர்கள்.

கரண்ட் போனால் கதவைத் திறக்கவே வேண்டாம். மூடியபடி 4 மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் சோறு, குழம்பு, கறி எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். ஊறுகாயை வைத்துக்கொள்ளலாம்.