ஐ ரிலீஃபுக்குத் தமிழ்ச்சொல்: 'விழிநிலை' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைநோக்கியில் நாம் கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து வில்லையான ஐபீஸுக்கு என்ன சொல் என்று போன வாரம் முழுக்கப் பேசினோம். தமிழ்நாட்டுப் பாடநூலில் கண்ணருகு லென்சு இருக்கிறது, ஈழத்து நூல்களில் பார்வைத்துண்டு இருக்கிறது. எதை எழுதினாலும் படிப்பவருக்குப் புரிகிறது. அதோடு விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். இந்த மடலில் நான் கண்ணருகு வில்லை என்றே எழுதுகிறேன். 'கண்வில்லை' என்று சுருக்கலாமே என்று கோவை ஆசிரியர் கேட்டிருந்தார். ஐயா, கண்புரை அறுவையில் மாற்றுகிறார்களே, கண்ணுக்குள் இருக்கும் அந்த வில்லைக்கு அந்தப் பெயர் வேண்டியிருக்கிறது. இரண்டும் மோதும்.

இப்போது எனக்கு அவசரமாக வேண்டியது ஐ ரிலீஃபுக்கு ஒரு சொல், அதாவது படம் முழுதாகத் தெரிய அந்த வில்லையிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்ற தூரத்துக்கு. தொலைநோக்கி பற்றிய நம் தொடக்கநிலைக் கையேட்டில் உருப்பெருக்கம், குவியத் தொலைவு, பார்வைப் புலம் எல்லாம் வந்துவிட்டன. இதற்கு மட்டும் பெயர் இல்லாததால் அந்தப் பத்தியையே எழுதாமல் விட்டிருக்கிறோம். அது எவ்வளவு பெரிய குறை என்பது எனக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் தெரிந்தது.

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். வானம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மங்கலான விண்மீன் கூட்டங்களுக்கு ஒசூர் தாண்டி தேன்கனிக்கோட்டைப் பக்கம்தான் போக வேண்டும். ஆனால் நிலாவும் கோள்களும் நகரத்து வெளிச்சத்துக்குப் பயப்படுவதில்லை. 6 அங்குல டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன், குவியத் தொலைவு 1200 மி.மீ. கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு பிளாசில் வகைக் கண்ணருகு வில்லைகள் வந்தன. 1200-ஐ 25-ஆல் வகுத்தால் உருப்பெருக்கம் 48 மடங்கு, 10-ஆல் வகுத்தால் 120 மடங்கு. கணக்கெல்லாம் மனப்பாடம்.

முதல் நாளே சனி. 10 மி.மீ. வில்லையைப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரிசையாகப் பார்த்து "வளையம், வளையம்" என்று குதித்தார்கள். அப்புறம் அம்மா வந்தார். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடி போய் வில்லையின் விளிம்பில் இடித்தது. "சாவித் துவாரம் வழியா பாக்கற மாதிரி இருக்குப்பா, வெளிச்சம் வருது, போகுது" என்றார். கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். குவியம் என் கண்ணுக்கு வைத்தது, அவருக்கு மங்கலாகத் தெரிந்தது. நான் திருகிச் சரிசெய்வதற்குள் சனி வட்டத்தை விட்டே போய்விட்டது. அந்த உருப்பெருக்கத்தில் வானத்தில் அரைப் பாகைக்கும் குறைவான இடம்தான் தெரியும். பூமி சுழல்கிற வேகத்துக்கு ஒரு கோள் அதைக் கடக்க ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். இரண்டு முறை முயன்றோம். "நீங்க பாருங்கப்பா, எனக்கு முட்டி வலிக்குது" என்று கீழே போய்விட்டார்.

அன்று எனக்குத் தெரியாத ஒரே ஓர் எண்தான் அவருக்கும் சனிக்கும் நடுவில் நின்றது. பிளாசில் வகையில், கண்ணாடிப் பரப்பிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது அந்த வில்லையின் குவியத் தொலைவில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. 10 மி.மீ. வில்லையில் அது 7 மி.மீ. மூக்குக்கண்ணாடியோ கண்ணிலிருந்து 12 மி.மீ. போலத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அம்மா எவ்வளவு அழுத்தினாலும் கண் அந்த இடத்துக்குப் போகவே முடியாது. கண்ணாடியோடு வசதியாகப் பார்க்க 15 முதல் 20 மி.மீ. வேண்டும். விற்றவரும் சொல்லவில்லை, பெட்டியிலும் போடவில்லை. போட்டிருந்தாலும் அந்த வார்த்தை எனக்கு எதையும் சொல்லியிருக்காது.

சரி, பெயரைத் தேடும் முன் பொருளைக் கண்ணால் பார்த்துவிடுவோம். பகலில், சூரியன் இருக்கும் திசைக்கு நேர் எதிராக, வெறும் வானத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்புங்கள். சூரியன் பக்கம் தவறியும் திருப்பக் கூடாது. கண்ணருகு வில்லையிலிருந்து ஓர் அடி பின்னால் நின்று பாருங்கள். வில்லைக்குச் சற்று வெளியே காற்றில் ஒரு சின்ன வெளிச்ச வட்டம் மிதப்பது போல் தெரியும். தொலைநோக்கி சேகரித்த ஒளி முழுதும் அந்த வட்டம் வழியாகத்தான் வெளியே வருகிறது. ஒரு வெள்ளைத் தாளை அங்கே பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் வட்டம் மிகச் சிறியதாகவும் கூர்மையாகவும் விழும். உங்கள் கண்பாவை வந்து நிற்க வேண்டிய இடம் அது. வில்லையின் கண்ணாடிப் பரப்பிலிருந்து தாள் வரை உள்ள தூரத்தை ஓர் அளவுகோலால் அளந்தால் அதுதான் ஐ ரிலீஃப். என் 25 மி.மீ. வில்லையில் வட்டம் 3 மி.மீ. அகலம், தூரம் 17 மி.மீ. சொச்சம்.

இனி, இதற்கு நீங்கள் அனுப்பிய சொற்களைப் பார்ப்போம்.

> அகராதிப்படி போனால் கண் நிவாரணம் என்றுதானே வரும்?

வரும். ஆனால் நிவாரணம் என்றதும் வெள்ளமும் அரிசி மூட்டையும் நினைவுக்கு வருகின்றன. கண்ணோடு சேர்த்தால் சொட்டு மருந்து ஆகிவிடும். இடத்தையும் தூரத்தையும் பற்றிய சொல்லுக்கு அது உதவாது.

யாழ்ப்பாண நண்பர் 'கண்விலகல்' தந்தார். அவர் படித்த நூல்களில் ஒளி 'முறிகிறது', ஒளிமுறிவு என்பார்கள். எனவே விலகல் என்ற சொல் அவருக்கு வேறு வேலையில்லாமல் கிடைக்கிறது. நாங்கள் பள்ளியில் படித்ததோ ஒளிவிலகல். வில்லையைப் பற்றிப் பேசும் பக்கத்திலேயே விலகல் இரண்டு பொருளில் வந்தால், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை கட்டாயம் குழம்பும்.

'கண்ணிடைவெளி'. இது எனக்கு முதலில் மிகவும் பிடித்தது. ஆனால் இருகண்நோக்கி வாங்குகிறவர் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். கண்ணிடைவெளி என்றால் யாரும் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். அந்தச் சொல்லை அதற்கே வைத்துக்கொள்வோம்.

'அருகளவு' என்று சென்னையிலிருந்து ஒரு மடல் வந்தது. கண்ணருகு என்கிறோமே, எவ்வளவு அருகு என்று கேட்டு அதிலிருந்தே சொல்லை எடுத்திருக்கிறார். நல்ல யோசனை, இரண்டு நாள் அதையே மனதில் வைத்திருந்தேன். ஆனால் இந்த எண் கூடினால் கண் தள்ளிப் போகும். 'அருகளவு அதிகம்' என்று கேட்டால் ஒட்டி வைக்க வேண்டும் என்றல்லவா தோன்றுகிறது? கடையில் நின்று அவசரத்தில் முடிவு செய்பவருக்கு நேர் எதிரான பொருளைக் கொடுத்துவிடும்.

தாளில் அந்த வட்டம் கூர்மையாக விழுந்த கணத்தில் எனக்குத் தோன்றிய சொல் 'நிலை'. திருவாரூரில் தேர் ஊர் சுற்றி வந்து தனக்குரிய இடத்தில் நின்றால், தேர் நிலைக்கு வந்தது என்கிறோம். கண்ணும் அப்படித்தான். முன்னே பின்னே அலைந்து, தனக்குரிய இடத்தில் நின்றதும் படம் முழு வட்டமாகத் திறக்கிறது. தூரத்தை அளக்கும் முன்பே அங்கே ஓர் இடம் இருக்கிறது. முதலில் இடத்துக்குப் பெயர் வைத்தால் தூரத்துக்கும் பெயர் தானாக வந்துவிடும்.

ஆனால் 'கண்நிலை' என்று எழுத முடியாது. கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆவது போல, கண்ணும் நிலையும் சேர்ந்தால் கண்ணிலை. வேகமாகச் சொன்னால் 'கண்ணில்லை' என்றே காதில் விழும். கண்ணாடி போட்டவர்களுக்காகவே தேடுகிற சொல் இது. அம்மாவைப் போன்ற ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சேர்க்காமல் பிரித்தே எழுதலாம் என்பார்கள் சிலர். எழுத்தில் பிரிக்கலாம், நாக்கு பிரிக்காது.

அதனால் விழிநிலை. விழித்திரை, கருவிழி என்று கண்ணின் உறுப்புகளுக்கு விழி ஏற்கெனவே பழகிய சொல். சேரும் இடத்தில் சிக்கல் இல்லை. முழுப்பெயர் வேண்டுமென்றால் விழிநிலைத் தொலைவு. பேச்சில் விழிநிலை போதும்: "இந்த வில்லையின் விழிநிலை எத்தனை மில்லிமீட்டர்?" கண்ணாடி போட்டவருக்கு ஏற்ற வில்லைகளை நீள்நிலை வில்லைகள் என்று சொல்லலாம்.

சொல் தாங்குமா என்று சில இடங்களில் வைத்துப் பார்த்தேன். துப்பாக்கித் தொலைநோக்கியில் சுடும்போது கண்ணில் இடிக்காமல் இருக்க இந்தத் தூரத்தை வேண்டுமென்றே அதிகமாக வைப்பார்கள். விழிநிலை அங்கே பொருந்துகிறது. நுண்ணோக்கியிலும் பொருந்துகிறது. கலிலியோ 1609-இல் வானத்தை நோக்கிய குழலில் கண்ணருகே இருந்தது குழிவில்லை. அதில் ஒளிவட்டம் வெளியே விழாமல் குழலுக்குள்ளேயே நின்றுவிடும். கெப்ளர் 1611-இல் விளக்கிய குவிவில்லை அமைப்பில்தான் அது வெளியே வந்தது. 'கலிலியோ குழலில் விழிநிலை உள்ளே இருக்கிறது, கண் அங்கே போக முடியாது' என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறது. 'கண் தூரம்' போன்ற சொல்லால் இதைச் சொல்லவே முடியாது. எனக்கு இந்தச் சொல்லின் மேல் நம்பிக்கை வந்தது அந்த வரியை எழுதியபோதுதான்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். விழிநிலை என்றால் விழித்திருக்கும் நிலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் அதற்கு விழிப்புநிலை என்று தனிச்சொல் வழக்கில் இருக்கிறது. மில்லிமீட்டரோடு சேர்ந்து வரும்போது குழப்பம் வராது என்று நினைக்கிறேன். வேறு கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

கையேட்டில் இதோடு இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். ஒன்று, விழிநிலையைக் கண்ணாடிப் பரப்பிலிருந்து அளக்கிறார்கள். பல வில்லைகளில் அந்தப் பரப்பு ரப்பர் விளிம்புக்குச் சில மி.மீ. கீழே பதிந்திருக்கும். எனவே விளம்பரத்தில் 15 என்று இருந்தால் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. கண்ணாடி போட்டவர்கள் ரப்பரை மடக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். நீள்நிலை வில்லையில் கண்ணாடி இல்லாதவர் அளவுக்கு மீறி ஒட்டி வைத்தால் படம் விட்டுவிட்டு இருண்டுபோகும், அவருக்கு அந்த ரப்பர் நிமிர்ந்தே இருக்க வேண்டும். இன்னொன்று, செலவு குறைந்த வழி. உருப்பெருக்கத்தைக் கூட்டுவதற்காக நடுவில் மாட்டும் 2 மடங்கு பார்லோ வில்லையில் 25 மி.மீ. வில்லையைச் செருகினால் உருப்பெருக்கம் 48 மடங்கிலிருந்து 96 மடங்கு ஆகிறது, விழிநிலையோ குறைவதில்லை. சற்றுக் கூடக்கூடச் செய்யும். புதிதாக வாங்குகிறவர் விலை மலிந்த 6 மி.மீ., 4 மி.மீ. பிளாசில்களைத் தேடி ஓடுவதற்குப் பதில் நல்ல பார்லோ ஒன்று வாங்கலாம். பார்லோ என்பது அதை உருவாக்கிய ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோவின் பெயர். அதைத் தமிழாக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

அடுத்த மாதமே அந்தப் பார்லோவை வாங்கினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றாமலே சனியைப் பார்த்தார். வட்டத்தைக் கடந்து போகும்வரை பார்த்துவிட்டு, திருப்பி வைக்கச் சொல்லி இன்னொரு முறை பார்த்தார்.

இடையில் ஒன்று. இங்கே கன்னட நண்பர்கள் வில்லையை மசூர என்கிறார்கள். மசூர் பருப்பின் வடிவம். லென்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கும் அந்தப் பருப்புதான் பொருள். நம் வில்லையோ மாத்திரை வில்லை, சேவகர் அணியும் வில்லை என்று தட்டையான வட்டத்திலிருந்து வந்தது. அவரவர் வீட்டில் புழங்குகிற பொருளிலிருந்து சொல் பிறந்திருக்கிறது. தேரிலிருந்து நிலை வருவதும் எனக்கு அந்த வரிசையில்தான் தெரிகிறது.

காற்றில் மிதக்கும் அந்த ஒளிவட்டத்துக்கும் ஒரு பெயர் தேவைப்படும். 'வெளிப்பாவை' என்று எழுதிப் பார்த்தேன். பாவை, கண்மணி இரண்டும் வழக்கில் இருப்பதால் எதை எடுப்பது என்று ஈழத்து நண்பர்கள்தான் சொல்ல வேண்டும். அதைத் தனி மடலில் பேசுவோம்.

கையேட்டுக்கு நான் எழுதியிருக்கும் வரி இது: "மூக்குக்கண்ணாடி அணிபவர் கண்ணருகு வில்லை வாங்கும்போது குவியத் தொலைவோடு விழிநிலையையும் கேட்க வேண்டும், அது 15 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்." ஞாயிற்றுக்கிழமை மாலை அச்சுக்குக் கொடுக்கிறோம். அதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால், சனிக்கிழமை இரவுக்குள் எழுதுங்கள்.