தரங்கம்பாடித் தாத்தா பிறந்த ஊர்: டென்மார்க்கா, ஜெர்மனியா?

பொறையாறுக்காரி:
என் அப்பாயியின் கொள்ளுத்தாத்தா ஒரு வெள்ளைக்காரர். டென்மார்க்காரர்கள் ஆண்ட காலத்தில் தரங்கம்பாடிக் கோட்டையில் சிப்பாய். இங்கேயே கல்யாணம் கட்டி, இங்கேயே மண்ணுக்குள் போனார். வீட்டில் எல்லோருக்கும் அவர் 'ஜெர்மன் தாத்தா'. ஆனால் 1839 கல்யாணப் பதிவின் நகலில் டென்மார்க் என்று இருக்கிறது. 1869 அடக்கப் பதிவில் ஜெர்மனி. ஊர்ப்பெயர் இரண்டிலும் இல்லை. சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் பணம் கட்டி டி.என்.ஏ. பரிசோதனை செய்தான். 'வடமேற்கு ஐரோப்பா' என்று வந்தது. அதைச் சொல்ல அப்பாயியின் பூனைக்கண்ணே போதும். குடும்பப் பெயரை ஜெர்மன் தளங்களில் தேடினால் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

மாயவரம் வாத்தியார்:
அம்மா, இரண்டு பதிவுமே சரியாக இருக்கலாம். நடுவில் 1864 வருகிறதே. ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்ற இரண்டு சீமைகள் அதுவரை டேனிஷ் ராஜாவின், அதாவது டென்மார்க் ராஜாவின், கீழ் இருந்தன. ஹோல்ஸ்டைனில் பேச்சு ஜெர்மன்தான். 1864 போரில் டென்மார்க் தோற்றது. 1867இல் இரண்டும் சேர்ந்து பிரஷ்யா என்ற ஜெர்மன் ராஜ்யத்தின் மாகாணமாயின. தாத்தா இங்கேயே இருக்க, அங்கே அவர் ஊர் நாடு மாறியிருக்கும். தரங்கம்பாடிக்கும் அதுதானே நடந்தது? 1845இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டென்மார்க்காரனிடமிருந்து இங்கிலீஷ்காரன் வாங்கிக்கொண்டான்.

ஹோல்ஸ்டைன் ஜெர்மனியின் வடகோடி, ஆகவே தெற்கே முனிக் பக்கமெல்லாம் தேடி அலையாதீர்கள். முதலில் இங்கேயே வேலை இருக்கிறது. உங்களிடம் இருப்பது நகல். நகல் எழுதுகிறவர் கேட்டதை மட்டும்தான் எழுதிக் கொடுப்பார். மூலப் பதிவேட்டைப் பாருங்கள், அதுவும் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவை. ஞானத்தகப்பன் யார், சாட்சி யார் என்பதுதான் முக்கியம். கடல் தாண்டி வந்தவன் ஊர்க்காரன் ஒருவன் கிடைத்தால் அவனைத்தானே பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிறுத்துவான்? கோட்டைக் காகிதங்கள் நிறைய கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. டேனிஷ் வணிகக் கம்பெனிகளின் ஆவணங்களை யுனெஸ்கோ 1997இலேயே உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது.

ஹாம்பர்க் கும்பகோணத்தான்:
அக்கா, ஊர் தெரியும்வரை இங்கே யாருக்கும் கடிதம் போட வேண்டாம். ஜெர்மனியில் பிறப்புப் பதிவுகள் ஒரே இடத்தில் கிடையாது. அரசாங்கப் பதிவு பிரஷ்யாவில் 1874இல், நாடு முழுக்க 1876இல்தான் வந்தது. தாத்தா காலத்துக்குச் சர்ச் பதிவேட்டை விட்டால் வேறு கதி இல்லை. லுத்தரன் (புராட்டஸ்டன்ட்) சர்ச் பதிவேடுகள் பலவற்றை ஆர்கியோன் தளத்தில் சந்தா கட்டிப் பார்க்கலாம். எழுத்துதான் தலைவலி. கூரெண்ட் என்ற பழைய கையெழுத்து, இங்கே பிறந்து வளர்ந்தவர்களே திணறுவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 1845இல் டேனிஷ் ராஜா ஆட்சியில் எடுத்த குடிக்கணக்கில் ஹோல்ஸ்டைனும் சேர்த்தி, அதில் ஒவ்வொருவரின் பிறந்த ஊரையும் எழுதினார்கள். தாத்தா அப்போது உங்கள் ஊரில் இருந்தார், சரி. கூடப்பிறந்தவர்கள் யாராவது அங்கே இருந்திருப்பார்கள் அல்லவா?

பொறையாறுக்காரி:
போதகர் ஐயா பெரிய மனது பண்ணி மூலப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். மூன்றாவது பிள்ளை, 1844. ஞானத்தகப்பனுக்குத் தாத்தாவின் அதே குடும்பப் பெயர்! பக்கத்தில் ஒரு ஊர்ப்பெயர், எழுத்துக்கூட்டிப் படித்தால் க்ளூக்ஸ்டாட் என்று வருகிறது. தம்பியாக இருக்குமோ?

மாயவரம் வாத்தியார்:
தம்பியோ பங்காளியோ, நல்ல பிடி கிடைத்திருக்கிறது. க்ளூக்ஸ்டாட் ஹோல்ஸ்டைனில், எல்பே ஆற்றங்கரையில் இருக்கிறது. டேனிஷ் ராஜா நான்காம் கிறிஸ்டியன் 1617இல் உண்டாக்கிய ஊர். அவர் ஆட்சியில்தான் 1620இல் நம் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையையும் எழுப்பினார்கள். ஒரு எச்சரிக்கை: க்ளூக்ஸ்டாட் நெடுங்காலம் கோட்டை ஊர். பட்டாளக்காரன் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது பிறந்த ஊராகவும் இருக்கலாம், பட்டாளத்தில் சேர்ந்த ஊராகவும் இருக்கலாம்.

ஹாம்பர்க் கும்பகோணத்தான்:
அதனால்தான் 1845 கணக்கைப் பார்க்கச் சொல்கிறேன். முதலில் க்ளூக்ஸ்டாட், அப்புறம் சுற்றுக் கிராமங்கள். அதே குடும்பப் பெயரில் ஒரு வீடு தட்டுப்பட்டாலே எந்தச் சர்ச்சுக்கு எழுத வேண்டும் என்று தெரிந்துவிடும். ஜெர்மனில் கடிதம் நான் எழுதித் தருகிறேன் அக்கா. குடும்பப் பெயர், தோராயமான பிறந்த வருடம், ஞானத்தகப்பன் பெயர் மூன்றையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பொதுவில் போட வேண்டாம். அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் படமும் வேண்டும், ஓரக்குறிப்பு வெட்டுப்படாமல் எடுங்கள்.