பேட்ஜ் குத்தின நாள் (தாத்தா வீடு குரூப்)

அம்மா: [போட்டோ]

அம்மா: தம்பிக்கு ஏர் அசால்ட் பேட்ஜ் குத்தியாச்சு, அமெரிக்க ஆர்மியில ஹெலிகாப்டர் படைப் பயிற்சி முடிச்சதுக்கு குடுக்குறது. என் கையாலயே குத்துனேன், கை நடுங்கி பின்னு ரெண்டு தடவ வழுக்கிடுச்சு, பின்னாடி மாட்டுற மூடி வேற புல்லுல விழுந்து அவங்கப்பா குனிஞ்சு தேடி எடுத்தாரு

சித்தி: அக்கா எனக்கு இங்க அழுகையா வருது. புள்ள முகமே கருத்துப் போச்சே, சாப்ட்டானா?

மாமா: மாப்ள!!! வாழ்த்துகள்டா. எங்க மெட்ராஸ் ரெஜிமென்ட் கோஷம் உனக்கு: வீர மதராசி அடி கொல்லு அடி கொல்லு 💪 வெலிங்டன்ல ட்ரெயினிங் முடிச்சு நான் நின்ன நாள் ஞாபகம் வந்துருச்சு

தாத்தா: போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். நடுவுல ஹெலிகாப்டர் நேரா வர்ற மாதிரி, ரெண்டு பக்கமும் ரெக்கை. வெள்ளியா?

தம்பி: கருத்த வெள்ளி கலர் தாத்தா. ஒன்றரை இஞ்ச் அகலம் தான் இருக்கும். தேங்க்ஸ் மாமா தேங்க்ஸ் சித்தி, இப்ப தான் நாலு முட்ட சாப்ட்டேன்

சித்தி பையன்: அண்ணா சூப்பர். ஹெலிகாப்டர்ல இருந்து கயிறு புடிச்சு இறங்குனா குடுக்குறது தான இது?

தம்பி: அதுவும் இருக்குடா, முதல்ல 34 அடி டவர்ல இறங்கணும் அப்புறம் பறக்குற பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்ல இருந்து. ஆனா அத நெனச்சு யாரும் பயப்படல, எல்லாரும் பயந்தது ஸ்லிங் லோடு டெஸ்டுக்கு

தாத்தா: அது என்ன? தமிழ்ல விளக்கமா எழுது

தம்பி: தாத்தா ஜீப்பு, தண்ணி டேங்க், பீரங்கி இதெல்லாம் ஹெலிகாப்டர் வயித்துக்கு அடியில கட்டித் தொங்கவிட்டு தூக்கிட்டுப் போவாங்க, ரோடு இல்லாத எடத்துக்கு. சங்கிலியில எத்தனாவது கண்ணியில கொக்கிய மாட்டணும், எந்தப் பட்டை எது மேல போகணும்னு ஒவ்வொரு சாமானுக்கும் கணக்கு இருக்கு. ஒரு கண்ணி தப்புனா பளு ஒரு பக்கம் சாஞ்சு ஆட ஆரம்பிக்கும், பைலட்டுக்கு வேற வழியில்லன்னா அறுத்து விட்டுருவாரு, கீழ யாரு நிக்கிறாங்கன்னு பாக்க நேரம் இருக்காது. டெஸ்ட்ல அவங்களே வேணும்னே 4 தப்பு பண்ணி வச்சிருப்பாங்க, 2 நிமிஷத்துக்குள்ள அதுல 3 கண்டுபிடிக்கணும், இப்படி 4 லோடு. போன வருஷம் நான் இதுல தான் தோத்தேன். மறு சான்ஸ் குடுத்தும் தோத்து அன்னைக்கே பைய தூக்கிட்டு வெளிய வந்தேன்

சித்தி: போன வருஷமா? எங்க யாருக்கும் சொல்லவே இல்லையேடா

அம்மா: எனக்கே ஒரு மாசம் கழிச்சு தான் சொன்னான். அப்புறம் கிறிஸ்மஸ் லீவுல வந்தப்ப ஹால்ல நின்னுகிட்டு, ஹெலிகாப்டர்ல இருந்து இறங்குறதுக்குன்னு இடுப்புலயும் தொடையிலயும் கயித்த சுத்தி சுத்தி கட்டுவான், 90 செகண்டுக்குள்ள கட்டி முடிக்கணுமாம், அவங்கப்பா வாட்ச்ச பாத்துகிட்டு நேரம் சொல்லுவாரு. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் நடக்கும் இது

மாமா: இந்த தடவ எப்படி பாஸ் பண்ணுன மாப்ள

தம்பி: கண்ணால பாத்தா ஏமாந்துருவோம் மாமா. எங்க யூனிட் சார்ஜென்ட் ஒருத்தர் வண்டி நிறுத்துற எடத்துல தினமும் என்ன நிக்க வச்சு, ஒரே வரிசையில, ஒரே பக்கத்துல ஆரம்பிச்சு கையால தொட்டுகிட்டே போகச் சொன்னாரு, தொடாதது எதுவும் பாத்ததா கணக்கு இல்லன்னு வச்சுக்கோன்னாரு. நாலு மாசம் அது தான் பண்ணேன். டெஸ்ட்ல மூணாவது லோடுல கொக்கி தப்பு கண்ணியில இருந்தத கண்ணு பாக்கல, விரல் தான் புடிச்சுது

மாமா: சபாஷ். ரைஃபிள் சுத்தம் பண்றதுக்கும் எங்களுக்கு இதே தான் சொல்லுவாங்க

சித்தி பையன்: கடைசியா நடந்ததும் கஷ்டம்னு பெரியம்மா சொன்னாங்களே

தம்பி: ஆமாடா 12 மைல், 19 கிலோமீட்டர் வரும், முதுகுல 16 கிலோவுக்கு மேல, 3 மணி நேரத்துக்குள்ள. 2 மணி 41 நிமிஷத்துல வந்தேன். வந்த ஒடனே பைய பிரிச்சு லிஸ்டுல உள்ள சாமான் எல்லாம் இருக்கான்னு பாப்பாங்க, ஒண்ணு கொறஞ்சாலும் நடந்தது வீண்

அம்மா: இருட்டுல நின்னுகிட்டிருந்தோம். லைட்டு வெளிச்சத்துல ஒவ்வொருத்தரா வர்றாங்க, எல்லாம் ஒரே ட்ரெஸ், எந்தப் புள்ள என் புள்ளன்னு தெரியல. நடைய வச்சு தான் கண்டுபிடிச்சேன், அப்படியே எங்கப்பா நடை

தாத்தா: 🙏

மாமா: இந்த பேட்ஜ் எப்ப வந்துச்சுடா? வியட்நாம்லயா?

தம்பி: வியட்நாம்ல தான் மாமா ஹெலிகாப்டர்ல படைய கொண்டு போய் இறக்குறது பெருசா நடந்துச்சு, எங்க 101-வது டிவிஷனும் 1968-ல தான் ஹெலிகாப்டர் படையா மாறுச்சு. பேட்ஜ் அதுக்கப்புறம். 1974-ல எங்க டிவிஷனுக்குள்ள மட்டும் இருந்துச்சு, 1978 ஜனவரி 18-ல தான் மொத்த ஆர்மிக்கும்னு ஒத்துகிட்டாங்க. நான் இந்தப் பயிற்சி படிச்ச ஸ்கூலு ஃபோர்ட் கேம்ப்பெல் ஆர்மி முகாம்ல இருக்கு, சபலௌஸ்கினு ஒருத்தர் பேரு வச்சிருக்காங்க, ரெண்டாம் உலகப்போர், கொரியா, வியட்நாம் மூணுலயும் சண்ட போட்டவரு

தாத்தா: அந்தப் பின்னு ஒண்ணு எனக்கு வேணும்

மாமா: அப்பா அத சட்டையில குத்திறாதீங்க, பயிற்சி முடிச்சவங்க தான் குத்தலாம்

தாத்தா: தெரியும்டா. உங்கம்மா போட்டோ கிட்ட வைக்கப் போறேன். புள்ள பொறந்தப்ப எடை கம்மின்னு எத்தன நாள் தூங்காம உக்காந்திருந்தா

தம்பி: தாத்தா அம்மா குத்துன அதே பின்ன அனுப்புறேன். டியூட்டி யூனிஃபார்ம்ல துணியில தச்சது இருக்கு, இடது நெஞ்சுல ஆர்மினு எழுதின பட்டைக்கு மேல வரும், எனக்கு அது போதும்

அம்மா: கொரியர் எல்லாம் வேணாம்பா, டிசம்பர்ல வரும்போது நானே கைப்பையில கொண்டு வரேன்

தாத்தா: சரிம்மா. அந்த மூடியும் சேத்து கொண்டு வா