கென்டக்கி குதிரைப் பண்ணைகள்: அப்பா அம்மாவோடு அக்டோபரில் போகலாமா?

கொலம்பஸ்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், நவம்பர் வரை இருப்பார்கள். நயாகரா பார்த்தாயிற்று, வாஷிங்டன் பார்த்தாயிற்று, இனி மாலுக்குக் கூப்பிட்டால் இரண்டு பேருமே வேண்டாம் என்கிறார்கள். போன வாரம் டிவியில் ஏதோ ஒரு குதிரைப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது, அப்பா கையிலிருந்த செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுபதுகளில் சைதாப்பேட்டையில் குடியிருந்தவர். கிண்டியில் ரேஸ் நடக்கும்போது வெளியே நின்று பார்த்திருக்கிறாராம், உள்ளே போனதே இல்லை. பெரியப்பா ஒருவர் அங்கே வீட்டுமனையைத் தொலைத்ததிலிருந்து எங்கள் குடும்பத்தில் ரேஸ் என்ற பேச்சே எடுக்கக்கூடாது.

இங்கே கொலம்பஸிலிருந்து கென்டக்கியின் லெக்சிங்டன் மூன்று மணி நேரம்தான். அக்டோபரில் இரண்டு நாள் போகலாம் என்று நினைக்கிறேன். பண்ணைகளுக்குள் நேராகப் போய்ப் பார்க்க முடியுமா, இல்லை வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு வருவதுதானா? அம்மாவுக்கு முழங்கால் வலி, சுத்த சைவம். மகளுக்கு எட்டு வயது, குதிரை என்றால் உயிர். ரேஸ் கோர்ஸுக்கும் கூட்டிப் போகலாமா, அப்பா சங்கடப்படுவாரா என்று தெரியவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

புளூகிராஸ் மாமி:

பதினாலு வருஷமாக இதே ஊரில் இருக்கிறேன், வருகிற விருந்தாளிகளை எல்லாம் கூட்டிக்கொண்டு சுற்றியே பாதி வழிகாட்டி ஆகிவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம், முன்பதிவு இல்லாமல் எந்தப் பண்ணைக்கும் போகாதீர்கள். நாங்கள் வந்த புதிதில் அழகான கல் தூண், திறந்த கேட் என்று பார்த்துவிட்டு ஒரு பெரிய பண்ணைக்குள் காரை விட்டோம். இரண்டு நிமிஷத்தில் ஒரு பிக்கப் வண்டி எதிரே வந்து நின்றது, மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்களுக்கு அது வேலை செய்யும் இடம், உள்ளே நிற்கிற ஒவ்வொரு குதிரையும் நம் வீட்டு விலையைவிடப் பல மடங்கு. ஹார்ஸ் கன்ட்ரி என்று ஒரு அமைப்பு இருக்கிறது, பல பண்ணைகளின் சுற்றுலாவுக்கு அதன் தளத்திலேயே பதிவு செய்யலாம். அக்டோபர் சனி, ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடும், இன்றைக்கே பாருங்கள்.

ஒரே ஒரு பண்ணைதான் முடியும் என்றால் பாரிஸ் என்ற பக்கத்து ஊரில் இருக்கும் கிளெய்போர்ன். செக்ரட்டேரியட் என்ற பந்தயக் குதிரை அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறான். 1973-ல் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்று டிரிபிள் கிரௌன் வாங்கியவன். மூன்றாவதான பெல்மான்ட்டில் இரண்டாவதாக வந்த குதிரைக்கும் அவனுக்கும் இடையில் 31 குதிரை நீளம். அதில் அவன் ஓடி முடித்த 2 நிமிடம் 24 விநாடியை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. இந்த ஊர் வழக்கப்படி பெயர்பெற்ற குதிரை இறந்தால் தலை, இதயம், குளம்புகள் மட்டும்தான் புதைப்பார்கள், இவனை முழு உடலாகவே புதைத்தார்கள். சாதாரணக் குதிரையைவிட இவனுடைய இதயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது என்று பரிசோதித்த கால்நடை மருத்துவர் சொன்னார். சமாதி என்றதும் பெரிதாக ஏதாவது எதிர்பார்த்துவிடாதீர்கள், முழங்கால் உயரக் கல்தான். ஆனால் அதன்முன் கண்கலங்கி நிற்கும் அமெரிக்கத் தாத்தாக்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவுக்கு கிராமத்துத் தொடர்பு இருந்தால் பொலிகாளை தெரிந்திருக்கும், இங்கே நீங்கள் பார்க்கப் போவது பொலிகுதிரை. தரோபிரெட் என்ற இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டல் கிடையாது, செய்தால் குட்டியைப் பந்தயக் குதிரையாகப் பதிவே செய்ய மாட்டார்கள். அதனால் பெண் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேராக ஆண் குதிரை இருக்கும் பண்ணைக்கே வருவார்கள். ஸ்பென்த்ரிஃப்ட் பண்ணையில் இருக்கும் இன்ட்டு மிஸ்சீஃப் என்பவனுக்குக் கட்டணம் 2,50,000 டாலர் வரை போனது, குட்டி உயிரோடு பிறந்து எழுந்து நின்று பால் குடித்தால்தான் பணம். இதை என் மாமனாரிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் "எங்க ஊர்ல ஒரு மூட்டை நெல்லோட முடிஞ்சிடும்" என்றார்.

குட்டி பார்க்க வேண்டும் என்றால் ஏப்ரல், மே வந்திருக்க வேண்டும். இங்கே எல்லாத் தரோபிரெட்டுக்கும் ஜனவரி 1 தான் பிறந்தநாள் என்று கணக்கு, அதனால் வருஷ ஆரம்பத்திலேயே குட்டி பிறக்கட்டும் என்று டிசம்பரிலிருந்து லாயத்தில் ராத்திரி வரை விளக்கைப் போட்டு வைத்துப் பெண் குதிரையின் உடம்பை வசந்தம் வந்துவிட்டதாக நம்ப வைப்பார்கள். அக்டோபரில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்திருப்பார்கள், பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி கூட்டமாக ஓடிக்கொண்டு திரியும், அதுவும் அழகுதான். மில் ரிட்ஜ் மாதிரி பண்ணைகளில் இவற்றையும் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை, குறிப்பிட்ட ஒரு ஆண் குதிரையைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். ஆஷ்ஃபோர்ட் பண்ணையில் இருக்கும் ஜஸ்டிஃபை மாதிரி சிலவற்றை நம் இலையுதிர்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் அனுப்பியதுண்டு, அங்கே அப்போதுதான் வசந்தம்.

அம்மாவின் முழங்காலுக்கு கென்டக்கி ஹார்ஸ் பார்க் பரவாயில்லை, நடக்க முடிந்தவரை நடந்துவிட்டு பெஞ்சில் உட்காரலாம். 1,200 ஏக்கர், குதிரை அருங்காட்சியகம் உள்ளேயே இருக்கிறது. வாசலுக்கு அருகே மேன் ஓ வார் என்ற பந்தயக் குதிரையின் சிலை, 21 ஓட்டத்தில் 20 வெற்றி, தோற்ற ஒரே ஒரு முறை ஜெயித்த குதிரையின் பெயர் அப்செட், அதாவது எதிர்பாராத தோல்வி! பக்கத்திலேயே ஐசக் மர்ஃபி என்ற கறுப்பின ஜாக்கியின் சமாதி, பலர் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த மாநிலத்தின் மிகப் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியை மூன்று முறை ஜெயித்தவர். 1875-ல் நடந்த முதல் டெர்பியில் ஓட்டிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பினத்தவர்கள், அப்புறம் சில பத்தாண்டுகளில் அவர்களை இந்தத் தொழிலிலிருந்தே ஓரங்கட்டிவிட்டார்கள். மகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

கிண்டி கேட்:

மாமி பண்ணையைச் சொல்லிவிட்டார், நான் ரேஸ் பக்கம் மட்டும். உங்கள் அப்பாவை நிச்சயம் கீன்லேண்ட் ரேஸ் கோர்ஸுக்குக் கூட்டிப் போங்கள். 1936-லிருந்து நடக்கிற இடம், வருஷத்தில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் மட்டும்தான் பந்தயம், அதுவும் புதன் முதல் ஞாயிறு வரை. திங்கள், செவ்வாயில் போய் நிற்காதீர்கள். லெக்சிங்டன் விமான நிலையத்துக்கு நேர் எதிரே.

பணம் கட்டாமலே பார்க்கிற வழி ஒன்று உண்டு. காலையில் பயிற்சி ஓட்டம், பொதுமக்கள் சும்மா போய் வேலி ஓரம் நின்று பார்க்கலாம், பத்து மணிக்குள் முடிந்துவிடும். நான் போனது பனி மூட்டமான நாள், தடமே தெரியவில்லை. முதலில் காதுக்குத்தான் வந்தது, மண்ணில் குளம்பு விழுகிற சத்தம், அதோடு சேர்ந்து புஸ், புஸ் என்று மூச்சு. நாலு கால் பாய்ச்சலில் குதிரை ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு மூச்சுதான் விடும், அதனால் இரண்டு சத்தமும் ஒரே தாளத்தில் வரும். அப்புறம் திடீரென்று பனிக்குள்ளிருந்து தலை. இரண்டு விநாடி, போய்விட்டது. என்னைக் கேட்டால் மத்தியானப் பந்தயத்தைவிட இதுதான்.

மத்தியானமும் இருந்தால் பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை நடக்கவிடும் பேடாக்கில் போய் நில்லுங்கள். கையெட்டும் தூரம் என்று சொல்லலாம், வயிற்று நரம்பு துடிப்பது தெரியும்.

பெட் கட்டினால் 2 டாலர் போதும். கிண்டிக்கும் இங்கேயும் ஒரு வித்தியாசம் உண்டு, நான் ஏமாந்தது இதில்தான். அங்கே பிளேஸ் என்றால் பொதுவாக முதல் மூன்றுக்குள் வந்தால் போதும். இங்கே பிளேஸ் என்றால் முதல் இரண்டு, மூன்றுக்குள் என்றால் அதற்கு ஷோ என்று பெயர். என் குதிரை மூன்றாவதாக வந்து நான் குதித்துக்கொண்டு கவுன்டருக்குப் போக, அந்தம்மா சீட்டைத் திருப்பித் தந்துவிட்டார்.

அப்பா தயங்கினால் ஒன்று சொல்லிப் பாருங்கள். குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்தது என்று நம் ஊர் வழக்கிலேயே 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பெரியப்பாவின் மனை திரும்பி வராது, அது வேறு விஷயம்.

சும்மா வந்தேன்:

எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறீர்கள். 2023-ல் டெர்பி சமயத்தில் அது நடக்கும் லூயிவில் சர்ச்சில் டவுன்ஸ் தடத்தில் ஒரு மாதத்துக்குள் 12 குதிரைகள் செத்து, கடைசியில் பந்தயத்தையே வேறு ஊர்த் தடத்துக்கு மாற்றினார்கள். இரண்டு வயதில் ஓடவிட்டு, கால் உடைந்தால் ஊசி போட்டு முடிக்கிற தொழில் இது. எட்டு வயதுக் குழந்தைக்கு முன்னால் அப்படி ஒன்று நடந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? பண்ணையைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரேஸுக்கு நான் போக மாட்டேன்.

புளூகிராஸ் மாமி:

நீங்கள் சொல்வது உண்மைதான், மறுக்க முடியாது. அதற்கு அப்புறம் கண்காணிப்பு கூடியிருக்கிறது, மருந்துக்கும் தடத்துக்கும் நாடு முழுவதற்கும் பொதுவான விதி வந்திருக்கிறது, ஆனாலும் விழுகிற குதிரை விழத்தான் செய்கிறது. நானும் என் பேத்தியைப் பந்தயத்துக்குக் கூட்டிப் போவதில்லை, காலைப் பயிற்சிக்கு மட்டும்தான்.

இதனால்தான் இன்னொரு இடத்தைச் சொல்ல நினைத்தேன், முதலில் விட்டுப்போனது. ஜார்ஜ்டவுன் பக்கத்தில் ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ் என்று ஒரு பண்ணை, ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளுக்கான முதியோர் இல்லம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டனில் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்த மைக்கேல் ப்ளோவன் என்பவர் ஆரம்பித்தது. 1986 டெர்பியை ஜெயித்த ஃபெர்டினாண்டை ஜப்பானுக்கு விற்றார்கள், இனப்பெருக்கத்துக்கு உதவவில்லை என்றானதும் அங்கே அதை இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 2003-ல் அந்தச் செய்தி வெளியே வந்தபோது இங்கே ஊரே கொதித்தது. அப்படி வெளிநாடு போன குதிரைகளைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும் இடமாக இது வளர்ந்தது. 1997 டெர்பியை ஜெயித்த சில்வர் சார்ம் 2014-ல் ஜப்பானிலிருந்து இங்கேதான் வந்தான். நான் பார்த்தபோது உடம்பெல்லாம் வெளுத்து, கேரட் வாளியின் சத்தம் கேட்டதும் மட்டும் வேகமாக நடந்து வந்தான், வாங்கித் தின்றுவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவ்வளவு ஜெயித்தவனுக்கு அந்த உரிமை கூட இல்லையா என்ன. உங்கள் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் பிடிக்கிற இடம் என்றால் இதுதான். இதற்கும் முன்பதிவு வேண்டும்.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. கீன்லேண்டில் பர்கூ என்று ஒரு குழம்பு பேர்போனது, காய்கறி மாதிரி தெரியும், அதில் இறைச்சி உண்டு. பிரெட் புட்டிங்கும் அங்கே பிரசித்தம், மேலே ஊற்றுவது போர்பன் விஸ்கி சாஸ்! புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போய்க் காரிலேயே சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள்.

கொலம்பஸ்வாசி:

மாமி, கோடி நன்றி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓல்ட் ஃப்ரெண்ட்ஸ், சனிக்கிழமை காலை கீன்லேண்டில் பயிற்சி, அப்புறம் கிளெய்போர்ன் என்று பதிவு செய்துவிட்டேன், ஹார்ஸ் பார்க் நேரம் இருந்தால். மத்தியானப் பந்தயத்தை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், 'சும்மா வந்தேன்' சொன்னது மனதில் உட்கார்ந்துவிட்டது. எல்லாவற்றையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், 2,50,000 டாலரை ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அதுக்குக் கொள்ளு வைப்பாங்களா?" அம்மாவின் கேள்வி இன்னொன்று, புடவையோடு வரலாமா, வீட்டிலிருந்து கேரட் எடுத்து வரலாமா?

புளூகிராஸ் மாமி:

கொள்ளு கிடையாது, ஓட்ஸும் உலர்ந்த புல்லும்தான், அப்பாவுக்கு ஏமாற்றமாக இருக்கும். நான் ஒரு தடவை கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்ததைப் பக்கத்து வீட்டுக் குதிரைக்காரரே மூன்று டம்ளர் குடித்தார். புடவை தாராளமாகக் கட்டலாம், காற்றில் முந்தானை பறந்தால் குதிரை மிரளும், இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், மேலே ஒரு ஸ்வெட்டர். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ. கேரட்டை நீங்கள் எடுத்துப் போகாதீர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியம் இருக்கும், எதற்குக் கொடுக்கலாம் என்று அவர்களே சொல்லிக் கையில் தருவார்கள். மகள் கொடுக்கும்போது உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரித்து வைக்கச் சொல்லுங்கள், விரலை மடக்கக்கூடாது, கட்டை விரலையும் ஒட்டி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி நம் வீட்டில் சாப்பாடு, எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.