பழுது மரமா, கோளாறு மரமா?

(பொள்ளாச்சியிலிருந்து)

நேரக்கூடாத ஒன்றை உச்சியில் வைத்து, அதற்கான காரணங்களைக் கீழே பெட்டி பெட்டியாகக் கிளைபிரித்து வரையும் படம் 'ஃபால்ட் ட்ரீ'. அதற்குத் தமிழில் 'பழுது மரம்' என்று உங்கள் போன மடலில் வந்தது. எனக்கு ஒப்பவில்லை. கால்வாய் ஷட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மோட்டார் சரி, கியர் சரி, கம்பிவடமும் சரி. தப்பான தகவலை நம்பி அகாலத்தில் திறந்துவிட்டார்கள். எதுவும் பழுதாகவில்லை, ஆனாலும் மரத்தில் அதற்கு ஒரு பெட்டி வேண்டும். 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஹெச். ஏ. வாட்சன் என்பவர் இந்த முறையை உருவாக்கியது அந்நாட்டு மினிட்மேன் ஏவுகணையின் ஏவு கட்டுப்பாட்டுக்காக. நல்ல நிலையில் இருக்கும் ஏவுகணை வேண்டாத நேரத்தில் கிளம்பினாலும் ஆபத்துதானே. ஆகவே 'கோளாறு மரம்'. உறுப்பு கெடுவதற்கு மட்டும் 'பழுது' இருக்கட்டும்.

(பாலக்காடு சித்தூரிலிருந்து)

கோளாறு சரிங்க. மலையாளத்தில் இதைத் 'தகராறு' என்பார்கள். 'மோட்டார் தகராறு' என்று பலகை மாட்டினால், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வருகிற தமிழர் 'யாருக்கும் யாருக்கும் சண்டை?' என்று கேட்பார்!

மரத்தில் காரணப் பெட்டிகளை மேல்பெட்டியோடு இணைக்கும் 'கேட்' என்கிற வாயில்களுக்கு நம் இலக்கணத்து எண்ணும்மையே போதும். மின்சாரமும் டீசல் எஞ்சினும் கைவிட்டால்தான் ஷட்டர் திறக்காது என்றால் 'உம்மை வாயில்'. ஒன்று போனாலே போதும் என்றால் 'அல்லது வாயில்'. நிகழ்தகவுகளை முன்னதில் பெருக்கணும், பின்னதில், எண்கள் சிறியவையானால், கூட்டணும். மின்சாரம் கைவிட நிகழ்தகவு 0.01, டீசல் கைவிட 0.02 என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து கைவிட 0.0002. பலரும் இதோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே பேனல் வழியாகப் போய், அதில் தண்ணீர் இறங்க 0.001 என்றால் மொத்தம் 0.0012. ஆறு மடங்கு! பெருக்கல் செல்லுபடியாவது இரண்டும் ஒன்றையொன்று சாராதபோதுதான். பேனல் மாதிரி ஒரே காரணத்தால் இரண்டும் சேர்ந்து போவதற்குப் 'பொதுக்காரணச் செயலிழப்பு' எனலாம்.

'கட் செட்'டை 'வெட்டுக்கணம்' என்றால் விறகுக்கடை ஞாபகம் வருகிறது. மரத்தின் உச்சியில் இருக்கும் உச்ச நிகழ்வை, இங்கே ஷட்டர் திறக்காமல் போவதை, உண்டாக்கப் போதுமான கோளாறுகளின் கணம் அது, 'கவிழ்ப்புக்கணம்' எப்படி? ஒன்றை எடுத்தாலும் கவிழாது என்கிற அளவுக்குச் சுருங்கியது 'சிறுமக் கவிழ்ப்புக்கணம்'. இங்கே மின்சாரம், டீசல் சேர்ந்து ஒன்று. பேனல் தனியாக ஒன்று. ஒரே கோளாறு உள்ள கணத்தைத்தான் முதலில் சரிசெய்யணும்.

(பொள்ளாச்சியிலிருந்து)

கவிழ்ப்புக்கணம் அருமை, எடுத்துக்கொள்கிறேன். 'ஈவென்ட் ட்ரீ'க்கு 'நிகழ்வு மரம்' குழப்பும். கோளாறு மரத்தின் பெட்டிகளும் நிகழ்வுகளே. ஈவென்ட் ட்ரீயோ ஒரு தொடக்க நிகழ்விலிருந்து அடுத்தடுத்து என்ன ஆகும் என்று முன்னோக்கிப் போவது. அணைக்கு மேலே பெருமழை: எச்சரிக்கை வந்ததா, ஷட்டர் திறந்ததா, ஆற்றோரம் சங்கு ஊதியதா? ஆம் என்றால் மேல்கிளை, இல்லை என்றால் கீழ்க்கிளை, நுனியில் விளைவு. 'விளைவு மரம்' என்பேன். ஷட்டர் கேள்வியின் 'இல்லை' கிளைக்கு உங்கள் 0.0012 அப்படியே வந்து உட்காரும்.

சங்குக்கும் அதே பேனல்தான் என்றால் கவனம். ஷட்டர் திறக்காத கிளையில் ஆறில் ஐந்து பங்கு பேனலால் வந்தது. அங்கே சங்கும் ஊதாது. அதன் வழக்கமான நிகழ்தகவை அந்தக் கிளையில் பெருக்கக் கூடாது.

'தொடக்க நிகழ்வு' நீளமாக இருக்கிறது. ஒற்றைச் சொல் யாரிடமாவது உண்டா?