பழைய சோறும் 73.91 மில்லிகிராமும்

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
காலையில எழுந்து போனைப் பாத்தா குடும்ப குரூப்ல மறுபடியும் அதே படம். "100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இரும்புச்சத்து. 12 மணி நேரம் தண்ணீரில் ஊறினால் 73.91 மில்லிகிராம்!" கீழ வரிசையா கும்பிடு. முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்தவன் நான், வயிறு எரியுது. இரும்பு ஒரு தனிமம். ராத்திரி சட்டியில சோத்துலயும் தண்ணியிலயும் எவ்வளவு இருந்துச்சோ, விடிஞ்சாலும் அவ்வளவுதான் இருக்கும். பாக்டீரியா மாவுச்சத்தை லாக்டிக் அமிலமாக்கும், புளிக்க வைக்கும். இரும்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

மண்வாசனை:
ஆய்வு பண்ணித்தான் சார் சொல்லியிருக்காங்க. அசாம் வேளாண் பல்கலைக்கழகத்து ஆய்வுன்னு செய்தியில வந்துச்சு. 73.91னு புள்ளி வெச்சு ஒருத்தன் சும்மா எழுதுவானா? நீங்க டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா? எங்க தாத்தா பழையதைக் குடிச்சுட்டு எழுபது வயசுலயும் ஏர் பிடிச்சார். நம்ம ஊர் சாப்பாடுன்னாலே உங்களுக்கு இளக்காரம். செக்கெண்ணெய் பேச்சுலயும் இப்படித்தான் வந்து விழுந்தீங்க.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
செக்கெண்ணெயை இங்க இழுக்காதீங்க. அதுல பாதியில காணாமப் போனது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

கணக்குக்கு வாங்க. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல வெளியிட்ட அட்டவணையில, தீட்டின அரிசி 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூட கிடையாது. வெந்து தண்ணி ஏறினா இன்னும் குறையும். அப்ப அந்த 3.4லயே கோளாறு. சரி, 73.91 உண்மைன்னே வெச்சுக்குவோம். ஒரு கும்பாவுல 300 கிராம் சோறு. 221 மில்லிகிராம் ஆச்சு. கர்ப்பிணிக்கு அரசாங்கம் தர்ற இரும்பு மாத்திரையில இருக்கிறது 60. அதாவது ஒரு கும்பா பழையது கிட்டத்தட்ட நாலு மாத்திரை! அப்படி இருந்தா 2019-21 குடும்ப நல ஆய்வுல, தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு ஏன் வருது?

மண்வாசனை:
ஏன்னா இப்ப யாரும் பழையது சாப்பிடுறதில்லை! காலையில டீயும் வறுக்கியும். நீங்களே பதில் சொல்லிட்டீங்க.

போர்வெல் பாண்டி:
நடுவுல ஒண்ணு. எங்க ஊர் போர் தண்ணியில வெள்ளை வேட்டியை ரெண்டு தடவை அலசினா பழுப்பாயிரும். அந்தத் தண்ணிய ஊத்தினா சோத்துல இரும்பு ஏறத்தானே செய்யும்? வாத்தியார் தண்ணியக் கணக்குலயே சேக்கலை.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
முதல் பதிவுலயே "சோத்துலயும் தண்ணியிலயும்"னு எழுதியிருக்கேன் பாண்டி. படிச்சுட்டுப் பேசுங்க. தண்ணியில இரும்பு இருந்தா அது தண்ணியோட சத்து. 100 கிராம் சோத்துல 70 மில்லிகிராமுக்கு மேல ஏத்துற அளவுக்கு இரும்பு இருக்கிற தண்ணியை நீங்க வாயில வைக்க மாட்டீங்க, துரு வாடை குமட்டும்.

போர்வெல் பாண்டி:
நாங்க அதைத்தான் இருபது வருஷமா குடிக்கிறோம். குமட்டலை. வந்து பாருங்க.

கிராமத்து நர்ஸ்:
நான் கிராம சுகாதார செவிலியர். போன மாசம் வீட்டுப் பார்வைக்குப் போனேன். அஞ்சு மாசக் கர்ப்பிணி. கீழ் இமையை இழுத்துப் பாத்தா வெளுத்துக் கிடக்கு. ஹீமோகுளோபின் 7.4. மாத்திரை எங்கம்மான்னா, அலமாரியில கண்ணாடிக்குப் பின்னாடியிருந்து எடுக்குறா. மூணு அட்டை, ஒரு குழிகூட உடையலை. மாமியார் போனை நீட்டி இதே படத்தைக் காட்டுறாங்க. "மாத்திரை சூடு, வயித்தைப் பிரட்டுது. பழையதுலயே எழுபத்துமூணு இருக்காமே"ங்குறாங்க. நான் சண்டை போடலை. "பழையதும் சாப்பிடட்டும் அத்தை, மாத்திரையும் போடட்டும்"னு சொல்லி, என் முன்னாடியே ஒண்ணைப் போடவெச்சுட்டு வந்தேன். சார், அங்க போய்த் தனிமம், அமிலம்னு ஆரம்பிச்சிருந்தா அந்தம்மா கதவைச் சாத்தியிருப்பாங்க.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
நன்றிம்மா. இதைத்தான் நான் தலைப்பாடா அடிச்சுக்கிறேன். ஆனா நீங்க அந்தப் படம் பொய்னு சொல்லாம வந்தது தப்பு. அடுத்த மாசம் அந்தம்மா இன்னொரு வீட்டுக்கு அனுப்புவாங்க.

கிராமத்து நர்ஸ்:
எனக்கு அந்தப் பொண்ணு முக்கியம் சார். படத்தை நீங்க பாத்துக்கங்க.

மண்வாசனை:
பாத்தீங்களா, நர்ஸ் அக்காவே பழையது சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்க! நான் சொல்ல வந்தது வேற. அரிசியில இரும்பைப் பூட்டி வைக்கிற ஃபைட்டேட்னு ஒரு பொருள் இருக்கு. புளிக்கும்போது அது உடையுது, பூட்டிக் கிடக்கிற இரும்பு உடம்புக்குக் கிடைக்குது. அதைத்தான் 73.91னு சொல்றாங்க. சத்து கூடுதுன்னா அதான் அர்த்தம்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
இப்ப "கிடைக்குது"ன்னு மாத்துறீங்க. படத்துல "இருக்கு"ன்னு போட்டிருக்கு. பெட்டியில ஒரு ரூபா இருந்தா, பூட்டை உடைச்சாலும் ஒரு ரூபாதான் எடுக்கலாம், எழுபத்துமூணு ரூபா எடுக்க முடியாது. அதோட தீட்டின அரிசியில ஃபைட்டேட் பெரும்பங்கு தவிட்டோடயே போயிடுச்சு. நீங்க சொல்ற பூட்டே அங்க பெருசா இல்லை.

மண்வாசனை:
நான் சாப்பிடுறது கைக்குத்தல் மாப்பிள்ளைச் சம்பா. ரேஷன் அரிசி இல்லை.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
ரேஷன் அரிசின்னா கேவலமா? அந்தப் படத்தைப் பாத்து நம்புறவங்க வீட்டுல பாதிக்கு மேல அதுதான் உலையில வேகுது. மாப்பிள்ளைச் சம்பா கிலோ என்ன விலை, சொல்லுங்க?

சின்ன வெங்காயம்:
ரெண்டு பேரும் சட்டிக்குள்ளேயே நிக்கிறீங்க. பக்கத்துல கடிச்சுக்கிறதைப் பாருங்க. மைசூர்ல இருக்கிற மத்திய உணவு ஆராய்ச்சி நிலையம் சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில 2010ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. தானியத்தோடயும் பருப்போடயும் வெங்காயம், பூண்டு சேத்தா இரும்பு பிரிஞ்சு கிடைக்கிறது கூடுதுன்னு லேப்ல பாத்திருக்காங்க. நெல்லிக்காய், எலுமிச்சையில இருக்கிற வைட்டமின் சியும் உதவும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அது தடுக்கும். இதைச் சொன்னாலே வீட்டுல இருக்கிறவங்களுக்குப் புரியும்.

மண்வாசனை:
அக்கா, பழையதுக்கு வெங்காயம் கடிச்சுக்கச் சொன்னதும் நம்ம முன்னோர்தான்.

போர்வெல் பாண்டி:
பழையதுக்கு மோர் மிளகாய்தான். வெங்காயம்லாம் ஓட்டல்ல வைக்கிறது.

சின்ன வெங்காயம்:
ஓட்டல்லயா? எங்க அப்பத்தா களத்து மேட்டுல கையால நசுக்கித் தருவாங்க. தெரியாமப் பேசாதீங்க அண்ணே.

மண்வாசனை:
சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயே பழையதை வெச்சு ஆராய்ச்சி எடுத்திருக்காங்க. அதுக்கு வாத்தியார் என்ன சொல்றார்?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
அது குடல் நோய்க்கும் நல்ல பாக்டீரியாவுக்கும் எடுத்த ஆராய்ச்சி. சந்தோஷம். நானே தினமும் நீராகாரம் குடிக்கிறவன். வெயில் காலத்துல அதுக்கு ஈடு கிடையாது. குளிர்ச்சின்னு சொல்லுங்க, பசி தாங்கும்னு சொல்லுங்க, ராத்திரிச் சோறு வீணாகாதுன்னு சொல்லுங்க. 73.91னு மட்டும் சொல்லாதீங்க. ஆறாவது தடவை கேக்குறேன்: கூடின 70 மில்லிகிராம் எங்கிருந்து வந்துச்சு?

மண்வாசனை:
நானும் ஆறாவது தடவை கேக்குறேன்: டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா? நாளைக்கே ஒரு சட்டி பழையதை லேபுக்கு அனுப்புறேன். காசு யார் தர்றது?

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
நான் தர்றேன், பென்ஷன்ல இருந்து. ராத்திரிச் சோறு ஒரு டப்பா, காலையில அதே சோறு இன்னொரு டப்பா, ரெண்டையும் அனுப்பணும். எவர்சில்வர் பாத்திரத்துல, வாலைத் தண்ணி, அதான் டிஸ்டில்டு வாட்டர், ஊத்தி ஊறவைங்க.

மண்வாசனை:
எவர்சில்வர்ல எந்த முன்னோர் ஊறவெச்சான்? மண்பானைதான். எங்க ஊர் செம்மண் பானை.

கெமிஸ்ட்ரி வாத்தியார்:
செம்மண் ஏன் செவப்பா இருக்குன்னு தெரியுமா? அதுல இரும்பு ஆக்சைடு இருக்கு. பானை ஒத்துக்க முடியாது.

மண்வாசனை:
பாத்தீங்களா எல்லாரும், இப்பவே பின்வாங்குறார்.

போர்வெல் பாண்டி:
தண்ணி நான் அனுப்பட்டுமா?